சூட்டுப்பெட்டியின் சுவிட்சை அணைத்தது யார்?

திங்கட்கிழமையிலிருந்து வேன் சாவி உங்கள் கையில். நான் நம் லிம் சூ காங் பண்ணைக்குள்ளேயே குஞ்சு பொரிக்கும் கூடத்துக்கு மாறுகிறேன். ஆறு ஆண்டுகள் பாலர் பள்ளிகளுக்குக் கோழிக்குஞ்சு கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அறிவுரை சொல்லும் வயதில்லை. முப்பதே இன்னும் ஆகவில்லை. ஆனாலும் இந்த வேலையில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் ஒரு காலைப் பொழுதைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்கு மனசு ஆறாது. அதைக் கோபமில்லாமல் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சுகளுக்குச் சூட்டுப்பெட்டியை எப்படி அமைப்பது என்பதெல்லாம் பயிற்சித் தாளில் இருக்கிறது. எத்தனை டிகிரி, விளக்கை எவ்வளவு உயரத்தில் தொங்கவிடுவது, தண்ணீர்த் தட்டில் ஏன் கோலிக்குண்டு போடுவது, எல்லாம். அதை நான் மறுபடி சொல்லவில்லை. தாளில் அழுத்திச் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வெப்பமானி பொய் சொன்னாலும் சொல்லும், குஞ்சு சொல்லாது. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் குளிர்கிறது. விளக்கைவிட்டு விலகிப்போய் வாயைத் திறந்துகொண்டு கிடந்தால் சுடுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே மூலையில் ஒடுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நானும் அப்படித்தான் வீட்டுக்குப் போனேன்.

தேக்கா சந்தைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிற பாலர் பள்ளி அது. பதினான்கு குஞ்சுகள். கதை வாசிக்கும் மூலையில் பெட்டியை வைத்தேன். சுவரில் வரிசையாக ஆறு சுவிட்சுகள். ஐந்தாவதில் விளக்கைச் செருகினேன். அதற்கு மேலே, அலுவலகத்தில் நானே அச்சடித்து பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்திருந்த அறிவிப்பை ஒட்டினேன். ‘அணைக்காதீர்கள், உயிருள்ள குஞ்சுகள்’ என்று பெரிய எழுத்தில், ஆங்கிலத்தில். ஓரத்தில் ஒரு மஞ்சள் குஞ்சுப் படம்கூட வைத்திருந்தேன். பள்ளியின் பொறுப்பாளர் ரேணுகா அதைப் பார்த்துவிட்டு, “வெரி புரொஃபஷனல்லா, குமரன்” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

மறுநாள் காலை புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பள்ளிக்குத் தீவனம் இறக்கிவிட்டுப் பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்தேன். ஏழு இருபதுக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்திருந்தது. ரேணுகா அனுப்பியது. ‘எங்கள் பாப்பாக்கள் தூங்குகிறார்கள்’ என்று எழுதியிருந்தார். பெற்றோர் குழுவுக்கும் அதே படம் போயிருந்தது.

படத்தில் குஞ்சுகள் ஒரு மூலையில் ஒரே குவியலாகக் கிடந்தன. படம் முழுக்க வெள்ளை வெளிச்சம். விளக்கு எரிந்திருந்தால் அந்தப் பெட்டி செம்மஞ்சளாக இருந்திருக்கும். மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை. நாலாவது முறை எடுத்தார்.

“குட் மார்னிங் குமரன்! பாத்தீங்களா, சோ கியூட். பேரண்ட்ஸ் எல்லாம் ஹார்ட் போட்டுட்டாங்க.”

“மேடம், அதுங்க தூங்கல. குளிர்ல ஒடுங்கிக் கெடக்குது. விளக்கு எரியுதா பாருங்க.”

“இல்லையே, ஆஃப்ல இருக்கு. பகல்ல வேணாம்னு நெனச்சேன்.”

“ஆன் பண்ணுங்க. ஏர்கானை ஆஃப் பண்ணுங்க. இப்பவே மேடம், ப்ளீஸ்.”

சுவிட்ச் போடும் சத்தம் கேட்டது. “விளக்கு போட்டாச்சு. ஏர்கான் முடியாது குமரன். எட்டு மணிக்குப் பிள்ளைங்க வந்துடுவாங்க. நான் வந்ததுமே போட்டுவிட்டாதான் ரூம் கூலாகும். போன மாசம்தான் ஒரு பேரண்ட் வேர்க்குருன்னு கம்ப்ளெய்ண்ட் பண்ணாங்க.”

“அப்ப பெட்டியைத் தூக்கி பேன்ட்ரியில வச்சிடுங்க.”

“நானா? நான் தொடமாட்டேன்பா. ஜெர்ம்ஸ். நீங்க வாங்க.”

குளிர்ந்துபோன குஞ்சு விளக்கைத் தேடி நடக்காது என்பதை அவருக்குச் சொல்ல நினைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். விளக்கு ஒரு முனையில், குஞ்சுகள் மறுமுனையில். அந்தக் கொஞ்சத் தூரம் நடக்க அவற்றுக்குத் தெம்பு இருக்காது. காலை நெரிசலில் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டு ஸ்டியரிங்கை அடிப்பதைத் தவிர எனக்கும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எட்டே காலுக்கு உள்ளே நுழைந்தேன். பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாப்பா தூங்குகிறது என்று ஆசிரியை பாடச் சொல்லியிருக்கிறார். தலைக்கு மேலே ஏர்கான் இருபத்திரண்டு டிகிரியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காற்று நேராகப் பெட்டிக்குள் இறங்குவது என் கழுத்தில் தெரிந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தேநீர் போடும் சின்ன அறையான பேன்ட்ரிக்குப் போனேன். அங்கே துப்புரவுப் பணியாளர் ஒருவர் வாளியில் துணியை அலசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் பாக்கியம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முந்தின நாள் அவர் என்னைக் கடந்து போனதுகூட எனக்கு நினைவில் இல்லை. பெட்டிக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். கெட்டிலில் தண்ணீர் சுட வைத்தார். காலி பாட்டில்களை எடுத்தார்.

“ரொம்பக் கொதிக்கணுமா தம்பி?”

“வேணாங்கக்கா. கை பொறுக்கிற சூடு.”

சுடுதண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் துண்டில் சுற்றி நடுவில் குஞ்சுகளை வைத்தோம். ரேணுகா வாசலில் வந்து நின்றார். “கொஞ்சம் தண்ணி, சாப்பாடு குடுத்தா எழுந்துக்குமா? பிள்ளைங்க வெயிட் பண்றாங்க” என்றார். முடியாது என்றேன். இதை நீங்களும் நினைவில் வையுங்கள்: குளிர்ந்த குஞ்சுக்கு முதலில் சூடு, தண்ணீர் பிறகுதான். யார் அவசரப்படுத்தினாலும் அப்படித்தான். விழுங்கவும் தெம்பில்லாத வாயில் தண்ணீரை ஊற்றினால் அதுவே கொன்றுவிடும்.

ஒன்பது குஞ்சுகள் மெல்ல மெல்லக் கண்ணைத் திறந்தன. ஐந்து திறக்கவில்லை. அந்த ஐந்தையும் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு குச்சி மாதிரி விறைத்திருந்தன. மூன்று இன்னும் துவண்டே இருந்தன. கழுத்து என் விரலிடுக்கில் தொங்கியது. அந்த இரண்டும் இரவிலேயே போயிருக்க வேண்டும். உடல் இன்னும் விறைக்காத இந்த மூன்றும் போய் அதிக நேரம் ஆகவில்லை. விளக்கில்லாமல் ராத்திரியைத் தாண்டி, விடியும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருந்து, காலையில் ஏர்கானுக்கடியில் செத்திருக்கின்றன. தாலாட்டு கேட்டுக்கொண்டே செத்தனவோ என்னவோ.

பாக்கியம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, நேத்து சாயங்காலம் அந்த சுவிட்ச அணைச்சது நான்தான்.”

“நோட்டீஸ் ஒட்டியிருந்தேனே அக்கா?”

“பாத்தேன். குஞ்சுப் படமெல்லாம் போட்டு அழகா இருந்துச்சு. பிள்ளைங்களுக்கு ஒட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்.”

பேன்ட்ரி சுவரைக் காட்டினார். குளிர்பெட்டியின் சுவிட்சில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. வெளியே மீன்தொட்டியின் சுவிட்சிலும் சிவப்பு டேப்.

“செவப்பு டேப் இருந்தா தொடக்கூடாது. இல்லாட்டி எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான் போகணும். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இதே கதைதான். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது தம்பி. டேப்பு தெரியும்.”

என் அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் துரு சுரண்டியவர். அம்மா உணவங்காடியில் மேசை துடைப்பவர். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை எட்டு வயதிலிருந்து படித்துச் சொன்னவன். மின்சாரக் கட்டணக் கடிதமா, மருத்துவமனைக் கடிதமா என்று அம்மா உறையின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்ட நான், மாலையில் கடைசியாகக் கதவைப் பூட்டுபவர் யார் என்று கேட்காமல், என் படிப்பை உறை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று விடலாம். எனக்குத் தெரியும்.

“அணைச்சதும் குஞ்சுங்க ஒரே கத்தல்” என்று பாக்கியம் அக்கா தொடர்ந்தார். “போட்டுட்டுப் போயிரலாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன். போன மாசம் ஒரு ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துச்சுன்னு கம்பெனிக்கு எழுதிப்புட்டாங்க. இன்னொரு வாட்டி எழுதுனா வேலை இல்லைன்னு காதர் சொல்லியிருந்தாரு. அதான் அணைச்சிட்டுப் போயிட்டேன்.”

காதர் அவருடைய துப்புரவு நிறுவனத்தின் மேற்பார்வையாளர். ரேணுகா அவரை ஏற்கனவே அழைத்திருந்தார். பத்து மணிக்கு வருகிறார் என்று ஆசிரியை வந்து சொன்னபோதுதான் விஷயம் எங்கே போகிறது என்று புரிந்தது.

ரேணுகா என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். “ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க குமரன். கிளீனர் பவரை ஆஃப் பண்ணிட்டாங்க, அஞ்சு குஞ்சு செத்துப்போச்சு. தட்ஸ் ஆல். நான் பேரண்ட்ஸுக்கும் அவங்க கம்பெனிக்கும் அனுப்பிடறேன். ஆளை மாத்திட்டா முடிஞ்சிது.”

“மாத்துனா அந்தக்கா எங்க போவாங்க மேடம்?”

“அது கம்பெனி பாத்துக்கும்லா.”

அடுத்த நிமிடமே எங்கள் மேலாளரின் அழைப்பு. அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் அதேதான்: வாடிக்கையாளர் கேட்பதை எழுதிக் கொடு, உண்மைதானே, அவர்தானே அணைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? பொய் எழுதச் சொல்லியிருந்தால் மறுப்பது சுலபம். அவர்கள் கேட்டது உண்மையில் ஒரு துண்டு. அந்தத் துண்டு ஒருவரின் வேலையைத் தின்றுவிடும், மற்ற அனைவரையும் காப்பாற்றிவிடும். நம் வேலையில் நீங்கள் எழுதப்போகிற எந்த ரிப்போர்ட்டிலும் இதுதான் கேட்கப்படும். சத்தம் போட்டுக் கேட்கமாட்டார்கள். சிரித்துக்கொண்டே, ரெண்டு வரிதானே என்று கேட்பார்கள்.

பேன்ட்ரிக்குத் திரும்பி, ஒரு கை பெட்டிக்குள் இருக்க, மறு கையால் கைப்பேசியில் எழுதினேன். எழுதியதை அனுப்புவதற்கு முன் பாக்கியம் அக்காவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டியது நான். பூட்டுபவர் யாரென்று கேட்காததும் நான். விளக்கை அணைத்தது அவர், பள்ளியின் டேப் விதிப்படி. காலையில் பொறுப்பாளர் வந்ததும் ஏர்கான் போடப்பட்டது. ஏழு இருபதுக்கு எடுத்த படத்தில் விளக்கு எரியவில்லை. ஏர்கானை அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லை. இறந்தவற்றில் மூன்றின் உடல் நான் கையில் எடுத்தபோதும் விறைக்கவில்லை.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், “குஞ்சு கத்துனத நான் கேட்டேன்ல, அத விட்டுட்டீங்களே” என்றார்.

“அது வேணாங்கக்கா. உங்களுக்கு எதிரா போயிடும்.”

“இருக்கட்டும். கேட்டேன், நின்னேன், பயந்துக்கிட்டு அணைச்சேன். ஏன் பயந்தேன்னும் எழுதுங்க. உங்களத் தப்புன்னு எழுதிக்கிட்டீங்க, அவங்களையும் எழுதிட்டீங்க. என்னைய மட்டும் என்னத்துக்கு ஒண்ணும் தெரியாதவ மாதிரி எழுதுறீங்க?”

குட்டு வாங்கியது மாதிரி இருந்தது. இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரை நானும் சுவரோடு சுவராக ஒட்டப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னபடியே எழுதினேன். ரேணுகா, எங்கள் மேலாளர், காதர் மூவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினேன்.

காதர் வந்து சேர்ந்தபோது ரேணுகா என் முன்னால் நின்றுகொண்டிருந்தார், முகம் சிவந்து. “ஏர்கான் லைனை எடுங்க குமரன். அது இதுல சம்பந்தமே இல்ல.”

“மூணு குஞ்சு அதுலதான் செத்துச்சு மேடம்.”

“நீங்க என்ன டாக்டரா?”

“இல்ல. கையில எடுத்துப் பாத்தவன்.”

காதர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. “பாக்கியக்கா, பாஸைக் குடுங்க” என்று கையை நீட்டினார். பாக்கியம் அக்கா கழுத்திலிருந்து நுழைவு அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அந்த அட்டை போனால் இந்தப் பள்ளி மட்டுமில்லை, நடுப்பகலில் அவர் வேலை செய்கிற இடமும் போகும். இரண்டும் அதே நிறுவனத்தின் கையில்.

“அனுப்புனதைப் படிச்சீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“கார்ல வந்தேன் தம்பி, எங்க படிக்கிறது?”

“ரெண்டு நிமிஷம். படிச்சிட்டு எடுத்துக்குங்க.”

நின்றபடியே படித்தார். மெதுவாகப் படித்தார். பிறகு வகுப்பறைக்குள் போய் அந்த ஆறு சுவிட்சுகளையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

“இதுல டேப் இல்லையே மேடம்.”

“நோட்டீஸ் இருக்குல்ல?”

“நோட்டீஸ் இருக்கு. ஆனா போன வருஷம் மீன்தொட்டி ஆஃப் ஆனப்ப நீங்கதான் மெயில் போட்டீங்க, டேப் இல்லாதது எல்லாத்தையும் ஆஃப் பண்ணணும்னு. நான் அதைத்தான் எங்க ஆளுங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன். இப்ப அவங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போடறேன், அவங்களும் இதே சுவிட்சை அணைப்பாங்க. என்ன செய்யலாம்?”

காதர் அட்டையைப் பாக்கியம் அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். அவர் நல்லவர் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தன் நிறுவனத்தின் மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அதுவும் உதவும். உண்மையை முழுசாக எழுதி வைத்தால் யாராவது ஒருவருக்காவது அது பயன்படும்.

ஆனால் அங்கே நின்ற ஒருவரும் பாக்கியம் அக்காவிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. வகுப்பறைக்குள் இனி அவர் வரவேண்டாம், கழிப்பறை மட்டும் பார்க்கட்டும் என்று ரேணுகா சொன்னதோடு முடிந்தது. பிள்ளைகளிடம் குஞ்சுகள் விடுமுறைக்குப் போயிருக்கின்றன என்றார்கள். அடுத்த பள்ளித் தவணைக்கு எங்களை அழைக்கவில்லை. எங்கள் மேலாளர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன், வேண்டுமானால் காட்டுகிறேன்.

ஒன்பது குஞ்சுகளையும் பண்ணைக்குத் திரும்பக் கொண்டுபோகப் பெட்டியை வேனில் ஏற்றினேன். பாக்கியம் அக்கா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். மன்னித்துவிடுங்கள் அக்கா என்றேன். கதவைச் சாத்தும்போது கேட்டார்:

“அடுத்து எந்தப் பள்ளிக்கூடம் தம்பி?”

“நாளைக்கு கிளமெண்டிங்கக்கா.”

“அங்க சாயங்காலம் பூட்டுறவங்க பேரு என்ன?”

எனக்குத் தெரியவில்லை. வேனிலிருந்தே அந்தப் பள்ளியை அழைத்துக் கேட்டேன். எடுத்தவருக்கும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார், அவருக்கும் தெரியவில்லை. “கிளீனர் ஆன்ட்டிதான். எதுக்குங்க?” என்றார். தினமும் அவர் துடைத்த தரையில் நடக்கிறவர்கள்.

மறுநாள் கிளமெண்டியில் மூன்று மணிக்கே பெட்டி தயார். நான் கிளம்பவில்லை. பள்ளி வாசலில் காலணி அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேன் எங்கே என்று மேலாளர் இரண்டு முறை அழைத்துத் திட்டினார். ஆறேகாலுக்குப் பூட்டுகிறவர் வந்தார், வாளியோடு. பெயர் நோராய்னி. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் அவரைப் பெட்டியிடம் கூட்டிப்போனேன். விளக்குக்கடியில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். சிரித்தார். ஒரு குஞ்சு வந்து அவர் விரலைக் கொத்தியது.

“ராத்திரி முழுக்க எரியணுமா?” என்று மலாயில் கேட்டார்.

அது தாளில் எழுதி ஒட்டுகிற விஷயமே இல்லை. ஒரு ஆள் கேட்பதற்கு, பதில் சொல்ல இன்னொரு ஆள் அங்கே நின்றுகொண்டிருக்க வேண்டும். தேக்காவில் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் பாக்கியம் அக்கா பூட்டும்வரை நிற்காமல் நாலு மணிக்கே கிளம்பிவிட்டேன்.